காதைத் தொடும் கை: உடம்பு வைத்திருக்கும் பல வயதுகள்

கோபி, காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கிராமங்களில் 40, 50 ஆண்டுகளுக்கு முன்பு ஒன்றாம் வகுப்பில் சேர வந்த பிள்ளையிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்ட வாத்தியார்கள் குறைவு. வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்துக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்வார்கள். விரல் நுனி காதில் பட்டுவிட்டால் பள்ளிக்கூட வயது வந்துவிட்டது. படாவிட்டால் "அடுத்த வருசம் கூட்டீட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். தொட்டுவிட்ட பிள்ளைக்கு வாத்தியாரே ஒரு பிறந்தநாளையும் எழுதிக்கொள்வார், அதுவும் பள்ளி திறக்கும் நாளை ஒட்டி. எங்கள் பக்கம் 60 வயதைத் தாண்டியவர்களின் ஆதார் அட்டைகளைப் பார்த்தால், ஊரே மே, ஜூன் மாதங்களில்தான் பிறந்ததோ என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல் வந்தது. அதற்குப் பிறகும் வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்த பலர் பதிவேட்டில் ஏறவில்லை. அவர்களுக்கு முந்திய தலைமுறைக்குக் காலக்கணக்கே வேறு. என் அம்மிச்சியிடம், அதாவது அம்மாவின் அம்மாவிடம், வயதைக் கேட்டால், "கீழ்பவானி அணை கட்டறப்ப நான் நடை பழகீட்டு இருந்தேனாமா" என்பார். அணை வேலை 1948-ல் தொடங்கி 1955-ல் முடிந்தது என்பதால், அவருடைய வயதில் ஏழாண்டுக் குழப்பம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. ஏடு இல்லாத இடத்தில் உடம்பைப் பார்த்துத்தான் வயதைப் படிக்க வேண்டும், படிக்கவும் முடியும். ஆனால் அப்படிப் படிக்கப் போனால் ஒன்று தெரியவரும்: உடம்பில் ஒரே வயது கிடையாது. தலைக்கு ஒன்று, பல்லுக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று என்று தனித்தனிக் கணக்குகள் ஓடுகின்றன. அவை ஒன்றாகத் தொடங்குவதில்லை, ஒன்றாக முடிவதும் இல்லை.

காதைத் தொடும் சோதனையையே எடுத்துக்கொள்வோம். பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலை. வளர்ந்தவருக்கோ ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். பிறந்த குழந்தையின் உடலுக்கு நடுப்புள்ளி தொப்புளை ஒட்டி இருக்கும். கால்கள் நீண்டு முடிந்த பிறகு அந்தப் புள்ளி இடுப்புக்கூட்டின் கீழ் விளிம்புவரை இறங்கிவிடும். அதாவது மனித உடல் தலையிலிருந்து கீழ்நோக்கி, நடுவிலிருந்து வெளிநோக்கிக் கட்டப்படுகிறது. பிறக்கும்போது 34, 35 சென்டிமீட்டராக இருக்கும் தலைச் சுற்றளவு முதல் பிறந்தநாளுக்குள் 46 ஆகிவிடுகிறது. பிறகு வாழ்நாள் முழுவதற்கும் அதில் கூடுவது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர்தான். பாட்டிகள் விளக்கெண்ணெய் வைத்து நீவிவிடும் உச்சிக்குழி, மண்டையோட்டு எலும்புகள் இந்த அவசர வளர்ச்சிக்கு விட்டுவைத்த இடைவெளியே. பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் அது மூடிவிடும். பிறக்கும்போது 350 முதல் 400 கிராம்வரை இருக்கும் மூளை, ஆறு வயதுக்குள் வளர்ந்தவரின் மூளை அளவில் ஏறத்தாழ 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. அந்த வயதில் தலை கிட்டத்தட்டத் தன் வேலையை முடித்துவிட்டது; கைகளோ நீண்டுகொண்டே இருக்கின்றன. அவை தலையைச் சுற்றி அந்தப் பக்கத்துக் காதை எட்டும் நாள் எப்படியும் வந்தாக வேண்டும். குள்ளமான பிள்ளைக்குத் தலையும் சற்றுச் சிறிது, கையும் சற்றுக் குட்டை என்பதால் உயரம் இந்தச் சோதனையை அதிகம் குழப்புவதில்லை. வாத்தியார்கள் காரணம் தெரிந்து செய்தார்களோ இல்லையோ, உயரத்தை அளந்து வயதைச் சொல்வதைவிட இது நல்ல வழிதான். ஓராண்டு முன்பின்னாகத் தொடும் பிள்ளைகளும் நிறைய இருந்தார்கள் என்பது வேறு.

உயரத்தை நம்பி வயதைச் சொல்வது ஏன் கடினம் என்றால், உயரம் சீராக ஏறுவதில்லை. பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவுள்ள கருமுட்டை ஒன்பது மாதத்தில் அரை மீட்டர் ஆகிறது. மனிதன் நீளத்தில் மிக வேகமாக வளரும் காலம் கருவின் நாலாம், ஐந்தாம் மாதங்கள்தான், அதை யாரும் பார்ப்பதில்லை. பிறந்த பிறகு வேகம் குறைந்துகொண்டே வருகிறது. முதல் ஆண்டில் 25 சென்டிமீட்டர், இரண்டாம் ஆண்டில் அதில் பாதி, நாலு வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஐந்தாறு. முதல் ஆண்டின் வேகம் அப்படியே நீடித்திருந்தால் பத்து வயதுப் பையன் பத்தடி உயரத்தில் நிலைப்படியில் தலை இடித்துக்கொள்வான். எடையும் அப்படித்தான்: ஐந்தாம் மாதத்தில் இரட்டிப்பு, ஓராண்டில் மும்மடங்கு. ஆனால் அந்த ஓட்டத்தின் முதல் வாரத்தில் குழந்தையின் எடை 7 முதல் 10 சதவீதம்வரை குறையும். உடம்பில் இருந்த மிகை நீர் வடிவதால் ஏற்படும் இந்த இறக்கம் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்பதை எத்தனை முறை சொன்னாலும், "புள்ள எளச்சுப் போச்சு, பால் பத்தல" என்று புட்டிப்பாலுக்குத் தாவும் வீடுகள் இன்றும் இருக்கின்றன.

ஒரே குழந்தையைத் தொடர்ந்து அளந்து பார்த்தவர்களில் முதல்வராகச் சொல்லப்படுபவர் பிரான்சின் மோன்பெய்யார். 1759-ல் பிறந்த தன் மகனை 1777வரை ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்தார். இயற்கையியலாளர் புஃபோன் அந்த அளவுகளைத் தம் நூலில் சேர்த்து வெளியிட்டார். அந்தப் பழைய அளவுகளைத் தேடியெடுத்து இன்றைய கோடாக வரைந்த அமெரிக்க உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஸ்காமன், 1930-ல் இன்னொரு படத்தையும் வரைந்தார். உடம்பின் உறுப்புகளை நான்கு கூட்டமாகப் பிரித்து நான்கு கோடுகள் போட்டார். மூளையும் தலையும் முதல் சில ஆண்டுகளிலேயே உச்சிக்குப் போய்விடுகின்றன. எலும்பு, தசை, நுரையீரல், ஈரல் ஆகியவை குழந்தையில் வேகமாகவும் நடுவில் மெதுவாகவும் பருவத்தில் மறுபடி வேகமாகவும் செல்கின்றன. இனப்பெருக்க உறுப்புகள் பத்து வயதுவரை ஏறக்குறைய அசையாமல் கிடந்து பிறகு செங்குத்தாக ஏறுகின்றன. நாலாவது கோடுதான் எனக்கு வியப்பு: நோயெதிர்ப்புக்கு உதவும், தொண்டைச் சதை போன்ற நிணநீர்த் திசுக்கள் 11, 12 வயதில் வளர்ந்தவரின் அளவைப் போல ஏறத்தாழ இருமடங்கு பெருத்து, பிறகு சுருங்குகின்றன. ஐந்து, ஆறு வயதில் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்துத் "தொண்டையில சதை வளந்துருக்குது" என்று பதறும் பெற்றோர் காண்பது பெரும்பாலும் இந்தக் கோட்டைத்தான். மூச்சுத் தடையும் அடிக்கடி வரும் தொற்றும் இல்லாதவரை, அது தானாக வற்றும் சதை.

பல்லின் கணக்கு கொங்கு நாட்டுக்காரருக்குப் புதிதல்ல. ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையிலும் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையிலும் மாடு வாங்குபவர் முதலில் செய்வது வாயைப் பிளந்து பார்ப்பதுதான். பல் போடாதது, ரெண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று காளையின் வயதும் விலையும் ஒரே சொல்லில் முடிந்துவிடும். எட்டும் போட்டுவிட்டால் அதற்குமேல் தேய்மானத்தைப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. மனிதனுக்கும் இதே வழியைச் சட்டமே கையாள நினைத்தது உண்டு. இங்கிலாந்தின் 1833-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பஞ்சாலைகளில் வேலை செய்வதைத் தடுத்தது. பிறப்புப் பதிவு இல்லாத ஏழைப் பிள்ளைகளின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி எழுந்தபோது, எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் 1837-ல், உயரத்தைவிடப் பல்லே நம்பத்தக்க சான்று என்று கணக்குக் காட்டினார். இந்தியாவில் 1881-ம் ஆண்டுச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்டவர்களை மட்டுமே ஆலைக்குள் விடாமல் நிறுத்தியது. 1891-ல் அது ஒன்பது ஆனது. கோவையின் முதல் நூற்பாலை தொடங்கியது இவ்விரண்டுக்கும் நடுவே, 1888-ல்.

சாண்டர்ஸ் சொன்னதில் உண்மை உண்டு. சோற்றுக்குக் கஷ்டம் வந்தால் எலும்பின் வளர்ச்சி பின்தங்குகிற அளவுக்குப் பல்லின் வளர்ச்சி பின்தங்குவதில்லை. ஆறாம் மாதத்தை ஒட்டித் தொடங்கி மூன்று வயதுக்குள் 20 பாற்பற்கள், ஆறு வயதில் முதல் நிலைப்பல், 12, 13 வயதில் 28, பிறகு 17 முதல் 25 வயதுக்குள் வந்தாலும் வரும் ஞானப்பற்கள் நான்கு. இதில் ஆறு வயதுக் கடைவாய்ப் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அது எந்தப் பல்லும் விழாமல், பாற்பல் வரிசைக்குப் பின்னால் புதிதாக முளைக்கிறது. விழுந்து முளைப்பதுதான் நிலைப்பல் என்று நம்பும் வீடுகளில் இதையும் பாற்பல் என்று எண்ணிச் சொத்தையானாலும் விட்டுவிடுகிறார்கள். 60 ஆண்டு மெல்ல வேண்டிய பல் பத்து வயதில் போய்விடுகிறது.

எலும்பின் கணக்கைப் பார்க்க எக்ஸ்ரே தேவைப்படுகிறது. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறந்த குழந்தையின் கையைப் படம் எடுத்தால் அந்த இடம் பெரும்பாலும் வெறுமையாகவே தெரியும். எலும்பாக வேண்டிய இடமெல்லாம் குருத்தெலும்பாக இருக்கிறது. முதல் சில மாதங்களில் இரண்டு எலும்புகள் தெரியத் தொடங்கும். பிறகு ஒவ்வொன்றாகத் தோன்றி, பத்து வயதையொட்டிக் கடைசி எலும்பும் வந்து சேரும். விரல் எலும்புகளிலும் முன்கை எலும்புகளிலும் முனையை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு தெரியும். அதுதான் வளர்ச்சித் தட்டு. நீளம் கூடுவதெல்லாம் அந்த மெல்லிய குருத்தெலும்பில்தான். அது எலும்பாகி இறுகிய நாளில் உயரம் முடிந்தது. இடக்கையின் படத்தை முன்மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு எலும்பு வயதைச் சொல்லும் முறையை குரூலிச், பைல் என்ற இருவர் 1950-ல் நூலாக்கினார்கள். இன்று சிறார் கிரிக்கெட்டில் வயதைக் குறைத்துச் சொல்பவர்களைப் பிடிக்கவும், சான்றிதழ் இல்லாத வழக்கில் ஒருவர் சிறுவரா என்று தீர்மானிக்கவும் இதே வகைச் சோதனைகள் பயன்படுகின்றன. 2015-ம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் பள்ளிச் சான்றிதழையும் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்றிதழையும் முதலில் கேட்டு, அவை இல்லாதபோதுதான் எலும்புச் சோதனைக்குப் போகச் சொல்கிறது. அந்த வரிசை சரியானது. எலும்புச் சோதனையில் இரண்டு பக்கமும் இரண்டாண்டு பிழை இருக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1982-லேயே ஏற்றுக்கொண்டது. 17-க்கும் 18-க்கும் நடுவே ஒருவருடைய வாழ்க்கை திசைமாறும் வழக்குகளில் அது சிறிய பிழையல்ல. எக்ஸ்ரே கருவி மோசமானது என்பதல்ல இதற்குக் காரணம். ஒரே நாளில் பிறந்த இரண்டு பிள்ளைகளின் எலும்புகள் ஒரே வேகத்தில் முதிர்வதில்லை, அவ்வளவுதான்.

இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிவது பருவ வயதில். பெண்பிள்ளைகளின் வேகம் சராசரியாக 12 வயதில் உச்சிக்குப் போய் ஆண்டுக்கு எட்டு சென்டிமீட்டரைத் தொடுகிறது. ஆண்பிள்ளைகளுக்கு அது 14 வயதில், இன்னும் சற்று அதிக வேகத்தில் வருகிறது. ஏழாம் வகுப்புப் புகைப்படத்தில் பெண்கள் பின்வரிசையில் நிற்பதும் பத்தாம் வகுப்புப் புகைப்படத்தில் வரிசை மாறுவதும் இதனால்தான். வளர்ந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலுள்ள சுமார் 13 சென்டிமீட்டர் உயர வேறுபாட்டில் பெரும்பகுதி, ஆண்பிள்ளைக்குக் கூடுதலாகக் கிடைக்கும் அந்த இரண்டாண்டுகளிலும் அதன்பின் வரும் வேகத்திலும் சேர்ந்ததே.

தாய்மாமன் தென்னங்கீற்றில் குச்சு கட்டி, உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்து, திரட்டிச் சீர் செய்யும் வீடுகளில் ஒரு பேச்சு கேட்கும்: "வயசுக்கு வந்தாச்சு, இனி ஒசரம் நின்னுபோகும்." இதில் முக்கால்வாசி உண்மை. முதல் மாதவிலக்கு வருவது உயர வேகம் உச்சியைத் தாண்டி ஏறத்தாழ ஓராண்டு கழித்துத்தான்; அதன்பின் பெரும்பாலோருக்கு ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் மிச்சமிருக்கும். தவறு காரணகாரியத்தில் இருக்கிறது. மாதவிலக்கு வளர்ச்சியை நிறுத்துவதில்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற ஒரே ஹார்மோன்தான் இரண்டையும் செய்கிறது. அதே ஹார்மோன் ஆணின் உடம்பிலும் வளர்ச்சித் தட்டை மூடுகிறது என்பது 1994-ல்தான் உறுதியானது. ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பி வேலை செய்யாத 28 வயது இளைஞர் ஒருவர் 204 சென்டிமீட்டர் உயரத்தில், மூடாத வளர்ச்சித் தட்டுகளோடு இன்னும் வளர்ந்துகொண்டிருந்ததை அமெரிக்க மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். ஆண்மை ஹார்மோனுக்கு அவர் உடம்பில் குறைவில்லை.

தாமதமாக வளரும் ஆண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் எல்லோருக்கும் குரல் உடைந்து மீசை அரும்பும்போது, ஒருவன் மட்டும் சின்னப் பையனாகவே நிற்பான்; அவனுடைய அப்பனும் அப்படித்தான் இருந்தான் என்று அப்பாரு சொல்வார். எலும்பு வயது பிறந்த வயதைவிட இரண்டாண்டு பின்னால் இருந்தால், அவனுக்கு இன்னும் இரண்டாண்டு வளர்ச்சி கையிருப்பில் இருக்கிறது என்று பொருள். அவனுக்கு வேண்டியது பொறுமையும் ஒரு முறை மருத்துவரைப் பார்ப்பதும்தான், தொலைக்காட்சியில் விளம்பரம் செய்யும் உயரப் பொடி அல்ல.

பரம்பரையே எல்லாம் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்திருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பாலும் நல்ல உணவும் சுகாதாரமும் கிடைத்த குழந்தைகளை அளந்தது. ஐந்து வயதுவரை அவர்கள் வளர்ந்த விதம் வியக்கத்தக்க அளவு ஒன்றுபோல் இருந்தது. தெற்கு டெல்லிக் குழந்தை ஓஸ்லோக் குழந்தைக்குக் குறைந்ததாக இல்லை. 2006-ல் வெளிவந்த அந்த அளவுகோல்தான் இன்று அங்கன்வாடியில் நம் குழந்தைகளின் அட்டையில் ஏறுகிறது. அதை வைத்துப் பார்த்தால், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நால்வரில் ஒருவர் வயதுக்குரிய உயரம் இல்லாதவர். இந்தியா முழுவதற்கும் இந்த விகிதம் 35.5 சதவீதம். "எங்க வம்சமே கட்டைதானுங்க" என்ற விளக்கம் சில குடும்பங்களுக்குப் பொருந்தும், நால்வரில் ஒருவருக்குப் பொருந்தாது. கடந்த நூற்றாண்டில் தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் 20 சென்டிமீட்டர் கூடியது. வம்சம் அவ்வளவு வேகமாக மாறாது.

இந்தக் குறை பெரும்பாலும் நிகழ்வது கருவிலும் முதல் இரண்டு வயதிலும், அதாவது வளர்ச்சியின் வேகம் அதிகமாகவும் தவறவிட்டதை ஈடுகட்டுவது கடினமாகவும் இருக்கும் ஆயிரம் நாட்களில். 1982 ஜூலை 1-ம் தேதி திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டமும், இன்று அதன் தட்டில் விழும் நாமக்கல் முட்டையும் பள்ளிப் பிள்ளையின் ரத்தத்துக்கும் தசைக்கும் படிப்புக்கும் செய்த நன்மை பெரிது. ஆனால் உயரத்தைப் பொறுத்தவரை ஆறு வயது என்பது தாமதமான வயது. முட்டை சேர வேண்டிய இன்னொரு தட்டு ஆறாம் மாதம் முடிந்த குழந்தையினுடையதும், அதற்கும் முன்னால் அதன் தாயினுடையதும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கும்போது கரு எதை வைத்து வளரும்?

உணவின் வகையும் மாறியிருக்கிறது. கீழ்பவானி வாய்க்கால் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் தண்ணீர் கொண்டுவந்தது. கம்பும் சோளமும் ராகியும் விளைந்த காடுகள் பல வயலாகவும் மஞ்சள் தோட்டமாகவும் ஆயின. பிறகு ரேஷன் அரிசியும் வந்தது. பசி குறைந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்; கம்பங்கூழைப் புகழ்பவர்கள் அது ஒன்றே கிடைத்த காலத்தின் பஞ்சத்தை மறந்துவிடுகிறார்கள். ஆனாலும் 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, தீட்டிய அரிசியில் பத்து கூட இல்லை. அரிசி வந்த தட்டில் பாலும் கீரையும் எள்ளும் கூடவே வராத வீட்டில், எலும்பு கட்டும் வயதுப் பெண்பிள்ளை நட்டப்பட்டாள்.

கருவில் பட்ட குறை பல ஆண்டு கழித்துத் தலைகாட்டுவதைத் திம்பம் மலைப்பாதை ஏறி இறங்கினால் எட்டிவிடும் மைசூரில் கண்டார்கள். அங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனை 1934 முதலே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவற்றைக் குறித்துவைத்திருந்தது. அப்படிப் பிறந்தவர்களை நடுவயதில் தேடிப் பிடித்துப் பரிசோதித்தபோது, சிறுத்துப் பிறந்தவர்களிடம் இதயநோய் அதிகமாக இருந்ததை 1996-ல் வெளியிட்டார்கள். பெண்ணின் உடம்பில் இந்தத் தொடர்பு இன்னும் பின்னோக்கிப் போகிறது. பெண்கருவின் சூலகத்தில் ஐந்தாம் மாதத்திலேயே 60, 70 லட்சம் முட்டைகள் உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது அதில் பத்து, இருபது லட்சம்தான் மிச்சம், பருவத்தில் மூன்று, நாலு லட்சம், வாழ்நாளில் வெளிவருபவை சுமார் 400. புதிதாக ஒன்றும் சேர்வதில்லை. நான் உருவான முட்டை என் அம்மா அம்மிச்சியின் வயிற்றில் இருந்தபோதே உருவாகிவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முந்திய காலத்துச் சோளச்சோற்றைத் தின்று வளர்ந்த அந்த உடம்புக்குள் நானும் ஒரு புள்ளியாக இருந்தேன்.

20 முதல் 40வரை சொல்ல அதிகம் இல்லை. வெளியே நின்றுவிட்டதுபோல் தெரியும் எலும்பு உள்ளே ஓயாமல் இடித்துக் கட்டப்படுகிறது; ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு புதிதாகிறது. 30 வயதுவரை வரவு மிகுதி, சில ஆண்டு சமநிலை, பிறகு செலவு. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் எலும்பின் அடர்த்தியில் 20 சதவீதம்வரை போய்விடக்கூடும். பருவத்தில் வளர்ச்சித் தட்டை மூடிய அதே ஈஸ்ட்ரோஜன்தான் இத்தனை ஆண்டுகள் எலும்பைக் காத்தும் வந்தது. அது விலகியதும் காவல் போய்விட்டது. 60 வயதில் மாத்திரையாகக் கால்சியம் வாங்குபவரின் எலும்புக் கையிருப்பில் பெரும்பகுதி, அவர் 18 வயதை எட்டும் முன்பே தீர்மானமாகிவிட்டது.

கண்ணின் கணக்கு இன்னும் விந்தையானது. கண்ணின் வில்லை வாழ்நாள் முழுவதும் வளர்கிறது. பழைய அடுக்கைக் கழிக்காமலே புதிய அடுக்கைச் சேர்க்கிறது. அதனால் ஆண்டுக்கு ஆண்டு தடித்து விறைத்து, கிட்டத்தில் பார்க்க வளைந்துகொடுக்கும் திறனை இழக்கிறது. 40 முதல் 45 வயதுக்குள் அது எல்லையைத் தொடும்போது வருவதுதான் வெள்ளெழுத்து. சென்னிமலைக் கைத்தறியிலும் சோமனூர், பல்லடம் விசைத்தறியிலும் இருப்பவர்களுக்கு இது செய்தித்தாள் படிக்கும் சிக்கல் மட்டுமல்ல. அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போடுவது கிட்டத்தில் பார்த்துச் செய்யும் வேலை. கைப்பழக்கம் முழுமை பெற்ற வயதில் கண் கைவிட்டுவிடுகிறது. இதை நோய் என்பதைவிட, வளர்ச்சி நிற்காமல் போனதன் விளைவு என்பதே சரி. காதும் அப்படித்தான். 1995-ல் பிரிட்டனில் குடும்ப மருத்துவர்கள் சிலர் தங்களிடம் வந்தவர்களின் காதுகளை அளந்து, ஆண்டுக்குச் சராசரி 0.22 மில்லிமீட்டர் நீளுவதாகக் கண்டார்கள். எங்கள் ஊர்க் கிழவிகளின் தொங்கும் காதுகளுக்குப் பழைய பாம்படம், தண்டட்டிகளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

உயரமோ எதிர்த்திசையில் போகிறது. முதுகெலும்புகளின் நடுவே உள்ள வட்டுகள் நீரை இழந்து தட்டையாவதால் 40-க்கு மேல் பத்தாண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைகிறது. ஒரே நாளிலும் இது நடக்கிறது. காலையில் எழும்போது இருக்கும் உயரம் மாலையில் ஒரு சென்டிமீட்டராவது குறைந்திருக்கும், படுத்து எழுந்தால் திரும்பிவிடும். ஆனால் முதுமையில் ஒருவர் சில ஆண்டுக்குள் மூன்று, நாலு சென்டிமீட்டர் குறைந்து முதுகு வளைந்தால், அதை வயதின் மேல் போட்டுவிடக் கூடாது. வலியில்லாமலே ஒன்றிரண்டு முதுகெலும்புகள் நொறுங்கியிருக்கக்கூடும். கூன் விழுந்தது என்று நாம் சொல்வதில் பாதி, யாரும் கவனிக்காத எலும்பு முறிவு.

இத்தனை கணக்குகளிலும் தாமதமாகவாவது திருத்திக்கொள்ள இடம் கொடுப்பது தசை ஒன்றுதான். 30 வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம்வரை தசை குறைகிறது, 60-க்கு மேல் இன்னும் வேகமாக. ஆனால் 1990-ல் அமெரிக்காவின் பாஸ்டனில், முதியோர் இல்லம் ஒன்றில் சராசரி 90 வயதுள்ள சிலரை எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி செய்ய வைத்தபோது, அவர்களுடைய கால்வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. 90 வயதில் எலும்பு இப்படிச் செவிசாய்க்காது, கண் சாய்க்கவே சாய்க்காது. நம் பக்கத்தில் தோட்டத்தை விற்றுவிட்டோ மகன் வீட்டோடு திருப்பூருக்குக் குடிபோயோ, களைவெட்டும் பால் கறப்பதும் நின்ற ஓராண்டுக்குள் "கால் வுழுந்துபோச்சு" என்று சொல்லும் முதியவர்களைப் பார்க்கிறோம். தரையில் உட்கார்ந்து எழுவதை நிறுத்தி நாற்காலிக்கும் கட்டிலுக்கும் மாறியதில் போனது பெரும்பாலும் தொடையின் தசை. முழங்கால் தேய்மானம் மேல் பழி விழுகிறது.

இதற்கும் பள்ளிக்கூடக் காது போல ஒரு சோதனை உண்டு. ஆசிய மருத்துவர் குழு 2019-ல் வகுத்த அளவின்படி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசைக்குறைவைச் சந்தேகிக்க வேண்டும். சான்றிதழ் வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம். போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, அணை கட்டும் காலத்தில் நடை பழகிய அம்மிச்சியை வீட்டு முன்கூடத்தில், எங்கள் பேச்சில் ஆசாரத்தில், நாற்காலி போட்டு உட்காரவைத்து, கைபேசியில் நேரம் பார்த்தேன். 13 விநாடி ஆனது. மூன்றாவது முறை எழுந்தபோது சேலைத் தலைப்பைச் சரிசெய்ய ஒரு விநாடி நின்றுவிட்டார் என்பதால் அதைக் கழிப்பதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவர், "எதுக்குச் சாமி என்னய இப்படி எந்திரிச்சு எந்திரிச்சு உக்கார வெக்கற?" என்று கேட்டுவிட்டு, தரையில் கிடந்த முறத்தை எடுக்கக் குனிந்தார்.